அத்தியாயம் 7: மூடாத கூரை

இந்த அத்தியாயத்தில் ஒரு கூரை போடப்போகிறோம். மழை ஒழுகாமல் கூரை போடத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, கொஞ்சம் ஒழுகும்படி போடச் சொல்லப்போகிறோம். காவேரிப்பாக்கத்தில் நான் முதன்முதலாக இதைக் கேட்டபோது பந்தல்காரப் பெரியவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சரம்மா, நாப்பது வருஷமா பந்தல் போடறேன். வானம் தெரியுதேன்னு திட்டினவங்க இருக்காங்க. தெரியணும்னு கேட்டவங்க யாருமில்ல" என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். யூதர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஏழு நாள் ஓலைக் குடிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முடிந்தவர்கள் அதிலேயே படுத்தும் உறங்குகிறார்கள். எபிரெய மொழியில் அதற்கு சுக்கோத் என்று பெயர். நம் வேதாகமத்தில் கூடாரப்பண்டிகை. எகிப்தைவிட்டு வந்த முன்னோர் 40 ஆண்டு வனாந்தரத்தில் அலைந்ததை நினைத்துக் கொண்டாடுவது. அதே சமயம் இது அறுவடைப் பண்டிகையும்தான். களஞ்சியம் நிறைந்து, வீடு பத்திரமாக இருக்கிறது என்று மனசு நிம்மதி கொள்ளும் அந்த வாரத்தில்தான் அவர்கள் வீட்டைவிட்டு இறங்கி ஓலைக்கடியில் போய் உட்காருகிறார்கள். அந்தக் கூரையில் நிழல் வெயிலைவிட அதிகமாக இருக்கவேண்டும். ஆனாலும் ஓலைச் சந்தில் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது என்பது மரபு.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ முழுசா முடையாம, பச்சை ஓலையை அப்படியே பரப்பிடலாம்" என்றார். அதுதான் சரியான விடை.

யாருடைய பண்டிகை இது

ஞாயிறு பள்ளியில் இதைச் செய்யும் டீச்சர்கள் முதலில் மனதில் வைக்கவேண்டிய ஒன்று உண்டு. இது வேதாகமத்தில் வந்து முடிந்துபோன பழங்காலச் சடங்கு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். இன்றும் உயிரோடிருக்கும் மக்களின் பண்டிகை இது. நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இருக்கிறதல்லவா? 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பவளமும் வைரமும் வியாபாரம் செய்த யூதர்கள் அங்கே இருந்தார்கள்.

கொச்சியில் இன்னும் நெருக்கம். மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. பரூர், சேந்தமங்கலம், எர்ணாகுளம் என்று சுற்றுவட்டாரத்தில் வேறு ஆலயங்களும் உண்டு. அங்கே குடிலின் கூரைக்குத் தென்னை ஓலை. நம் கல்யாணப் பந்தலில் கிடக்கும் அதே ஓலைதான். ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். கண்ணாடி விளக்குகளில் தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். பெண்கள் மலையாளத்தில் யூதப் பாட்டுகளை நோட்டில் எழுதி வைத்துப் பாடினார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொச்சியில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர். நெகேவ் பாலைவனத்தில் உள்ள நெவாத்தீம் கிராமத்தில் கொச்சிக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு ஜெப ஆலயம் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு நூற்றாண்டுக் கணக்கு எதுவும் வேண்டாம். "நம்ம ஊரு ஓலை மாதிரியே ஓலைபோட்டு, கொச்சியில ஒரு வீட்டுப் பிள்ளைங்க இதே நிலாவுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாங்க" என்றால் போதும். நாம் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும் விருந்தாளிகள் என்ற நினைப்போடு செய்யவேண்டும். எபிரெய ஆசீர்வாதங்களைப் பிள்ளைகளை விட்டு நாடகம்போலச் சொல்ல வைப்பது, யூதர் வேஷம் கட்டுவது இரண்டும் வேண்டாம்.

கொச்சிக்கு அழைத்துப்போக முடிந்தால் நல்லது. காட்பாடியில் ரயில் ஏறினால் மறுநாள் எர்ணாகுளம். பரதேசி ஜெப ஆலயத்தைச் சனிக்கிழமையிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. அதனால் சுக்கோத் வாரத்தில் போய் ஏமாறாதீர்கள். அரைப்பரீட்சை லீவில் போகலாம்.

எப்போது

யூத மாதமான திஷ்ரியின் 15ஆம் நாள், அதாவது முழுநிலா. நமக்குப் பெரும்பாலும் புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும், சில ஆண்டுகளில் புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளிப்போகும். 2026இல் செப்டம்பர் 25 வெள்ளி மாலை தொடங்குகிறது. 2027இல் அக்டோபர் 15 வெள்ளி மாலை. யூத நாள் சூரியன் மறைந்ததும் பிறப்பதால், முதல் சாப்பாடு ராச்சாப்பாடுதான். நமக்கு இது வசதி. இந்தப் பக்கத்தில் பல தாய்மார் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகிறவர்கள். காலையில் வேன் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வருவார்கள். பகலில் வைத்தால் அம்மா இல்லாத பண்டிகையாகிவிடும். மாலை ஆறரைக்கு வையுங்கள்.

ஏழு நாளும் நடத்த ஆசைப்படாதீர்கள். மூன்று மாலை போதும்: கட்டும் நாள், சாப்பிடும் நாள், பிரிக்கும் நாள்.

கட்டுவது

ஊரில் நமக்கு நிழல் என்றதும் கால் தானாக வேப்பமரத்தடிக்குப் போகும். யூதச் சட்டத்தில் மரத்தடியில் போட்ட குடில் கணக்கில் வராது. தலைக்குமேல் வானமும் நடுவில் அந்த ஓலையும் மட்டும்தான் இருக்கவேண்டும். கூரைக்கு மண்ணில் விளைந்து, வெட்டி எடுத்த பொருள்தான் ஆகும். தார்ப்பாய் ஆகாது, தகரம் ஆகாது, படுத்துக்கொள்ள முடைந்த பாயும் ஆகாது. உயரம் 20 முழத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு, யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்மூத் சொல்லும் காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: அதற்கு மேலே போனால் கண்ணுக்குக் கூரை படாதாம், தான் குடிலில் உட்கார்ந்திருப்பதே மறந்துபோகுமாம். பிள்ளைகளுக்கு ஆறடி போதும். பெரிய பிள்ளை எம்பிக் கையை நீட்டினால் ஓலை நுனி விரலில் படவேண்டும்.

நாலு சவுக்குக் கம்பு மூலைக்கு, மேலே குறுக்கே மூங்கில், அதன்மேல் பச்சைத் தென்னை மட்டைகள். சுவருக்கு அம்மாக்களின் பழைய சேலை. ஆனால் சுவர் காற்றில் படபடக்கக்கூடாது என்பது விதி; மேலும் கீழும் இழுத்துக் கட்டுங்கள். முதல் ஆண்டு நான் மேலே மட்டும் முடிச்சுப் போட்டேன். ஏரிக்காற்று வந்து சேலையைப் பாய்மரம்போல் உப்பவைத்து ஒரு கம்பையே சாய்த்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து கம்பை ஒன்றரை அடி ஆழத்துக்கு நடுகிறோம்.

குழி பெரியவர் தோண்டட்டும். மண் தள்ளி மிதிப்பது மூன்று வயதுப் பிள்ளையின் வேலை. ஐந்து வயது கயிறு எடுத்துக் கொடுக்கும். ஏழு வயதுக்கு முடிச்சுப் போடத் தெரியும். பிள்ளைகள் வருவதற்குள் கட்டி முடித்து அலங்கரித்து வைத்து, "வாங்க, பாருங்க" என்று காட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கோணலாக இருந்தாலும் அவர்கள் கை பட்டது அவர்களுடைய வீடு. போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதும் வேண்டாம்.

அலங்காரத்துக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை. குருத்தோலை ஞாயிறுக்குக் கிளியும் சிலுவையும் முடைந்த விரல்கள் இவை. வெட்டுக்கிளி, கிலுகிலுப்பை, தோரணம் எல்லாம் அவர்களே செய்வார்கள். நெற்கதிர், கேழ்வரகுக் கதிர், ஆடிப்பட்டத்தில் போட்டுப் பிடுங்கிய வேர்க்கடலைக் கொடி, மாதுளை ஆகியவற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடும் பூசணிக்காயை மட்டும் தலைக்குமேல் தொங்கவிடாதீர்கள். அலங்காரமாகக் கட்டியதைப் பண்டிகை முடியும்வரை சாப்பிடக்கூடாது என்பது யூத வழக்கம். ஆகவே முறுக்கு, மிட்டாய் கட்டிவிட்டுத் தொடாதே என்று சொல்லும் கொடுமையும் வேண்டாம்.

நெருப்பு

இந்தப் பகுதியை வாசிக்காமல் யாரும் ஓலை வாங்கப் போகவேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதன்பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. நாம் பிள்ளைகளை மீண்டும் ஓலைக்கடியில் உட்கார வைக்கிறோம். அதனால் இதில் சமரசமே கிடையாது.

காய்ந்த கீற்று வேண்டாம், அன்று வெட்டிய பச்சை மட்டைதான். மூன்று நாளில் ஓரம் பழுத்துக் காய ஆரம்பிக்கும், உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் பிரித்துவிடுங்கள். கட்டடத்தை ஒட்டிப் போடாதீர்கள், திறந்த வெளியில் போடுங்கள். இரண்டு பக்கம் முழுக்கத் திறந்திருக்கட்டும். உள்ளே மெழுகுவத்தி, அகல், ஊதுவத்தி, சீரியல் பல்பு, அடுப்பு எதுவும் கூடாது. பேட்டரி விளக்கு ஒன்று, முழுநிலா ஒன்று. வாசலில் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும், பக்கத்தில் வேறு வேலை எதுவுமில்லாத ஒரு பெரியவர். பட்டாசுக் காலம் தொடங்கியிருந்தால் அந்த ஆண்டு ஓலையையே விட்டுவிட்டுக் தோகை நீக்கிய பச்சைக் கரும்பையும் மாவிலைக் கொத்தையும் பரப்புங்கள்.

சின்னப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பழைய நூல் சொல்வது

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பு மிஷ்னா. அதில் இந்தக் குடிலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதை வாசிக்க வாசிக்க, எழுதியவர்களின் காலடியில் பிள்ளைகள் ஓடித் திரிந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

தாய் இல்லாமல் சமாளிக்கும் வயது வந்த பிள்ளைக்குத்தான் குடில் கடமை. அதற்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கட்டாயம் கிடையாது. ஆனால் ஷம்மாய் என்ற கண்டிப்பான ஆசிரியரின் மருமகளுக்குப் பண்டிகை நேரத்தில் பிரசவம் ஆயிற்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? பிறந்த குழந்தைக்காக, கட்டிலுக்கு நேர்மேலே இருந்த கூரைப் பூச்சைப் பெயர்த்துவிட்டு அங்கே ஓலை போட்டார். சட்டம் அவர் பக்கம் நிற்கவில்லை என்றாலும் அந்தத் தாத்தாவின் கதையை விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கூரையை உடைத்த தாத்தா என்றதும் சிரித்துத் தீர்ப்பார்கள்.

இன்னொன்று பெரியவர்களான நமக்கு. இந்தப் பண்டிகையைப் பற்றிய தால்மூத் பகுதியில் ஓர் அறிவுரை வருகிறது. பிள்ளையிடம் ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் இருக்காதே, அது அவனுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுப்பதாகும் என்பது அதன் சாரம். "நல்லா உட்கார்ந்தா ராத்திரி இங்கேயே படுக்கலாம்" என்று ஆசைகாட்டுகிற டீச்சர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நடத்த முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

மழை வந்தால்? கூழ் கெட்டுப்போகும் அளவுக்குத் தூறினால் எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம் என்கிறது மிஷ்னா. அளவுகோலுக்குக் கூழை எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிய சந்தோஷம். நாங்கள் கேழ்வரகுக் கூழே வைக்கிறோம். பிள்ளைகள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, துளி விழுந்ததா என்று எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அதே இடத்தில் மழையைக் கடவுளின் அதிருப்தியோடு ஒப்பிடும் உவமை ஒன்றும் இருக்கிறது. பாலாறு மணலாய்க் கிடக்கும் ஊரில் அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை.

ஓலை வீட்டுப் பிள்ளை

இதை எழுதக் கொஞ்சம் தயங்கினேன். முதல் ஆண்டு குடிலுக்குள் உட்கார்ந்து, "அந்தக் காலத்தில் வீடில்லாம, பாவம், இப்படித்தான் இருந்தாங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு பையன், "எங்க வீடும் இப்படித்தான் டீச்சர்" என்றான். அவனுக்கு வருத்தமில்லை. அவன் பக்கத்திலிருந்தவர்கள் அவனைப் பார்த்த பார்வையில்தான் அவன் தலை குனிந்தது. அந்தப் பார்வையை உண்டாக்கியது என் வார்த்தை.

குடிசைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டித்தரும் அரசுத் திட்டங்கள் வந்து ஆண்டுகள் பலவாகியும் ஓலைக்கடியில் தூங்கும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். ஒழுகும் கூரை அவர்களுக்குப் பண்டிகை அனுபவமல்ல. ஆகவே "பாவம்", "ஏழை" என்ற சொற்கள் குடிலுக்குள் வரவேண்டாம். குடிசை என்றுகூடச் சொல்லாதீர்கள், பந்தல் என்று சொல்லுங்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போடும் பந்தல் எல்லோருக்கும் பொது. ஓலை தெரிந்த குடும்பத்தை ஆசிரியர் இடத்தில் உட்கார வையுங்கள். மறுவருஷம் அந்தப் பையனின் பாட்டி வந்தார். ஒரு மட்டையை நடுவில் கீறி, ஓலையைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிப் போட்டுக் கால்மணி நேரத்தில் ஒரு கீற்று முடைந்து காட்டினார். கான்கிரீட் வீட்டுப் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். அதைக் கூரையில் போடாமல் சுவரில் கட்டி வைத்தோம்.

நான்கு செடி

சுக்கோத்தில் நான்கு வகைச் செடிகளைக் கையில் பிடித்து அசைக்கிறார்கள்: எத்ரோக் என்ற கடாரநாரத்தை வகைப் பழம், பேரீச்சங்குருத்து, மிருதுச்செடி, ஆற்றோரச் செடி ஒன்று. முதல் நாள் ஓய்வுநாளாக அமைந்தால் அன்று எடுப்பதில்லை. 2026, 2027 இரண்டிலும் அப்படித்தான். அவர்களின் சட்டப்படி எந்தப் பழம், எந்த இலை என்பதில் நுணுக்கம் அதிகம். நாம் போலியாக ஒரு கொத்துக் கட்டவேண்டாம். மணமும் சுவையும் வைத்துப் பாடம் நடத்தலாம். பழத்துக்கு மணமும் சுவையும் உண்டு. பேரீச்சுக்குச் சுவை உண்டு, மணமில்லை. மிருதுவுக்கு மணம் உண்டு, சுவையில்லை. ஆற்றோரச் செடிக்கு இரண்டுமில்லை. நாலையும் சேர்த்துத்தான் பிடிக்கவேண்டும், ஒன்றைக்கூட விட்டுவிடக்கூடாது என்று யூத ஆசிரியர்கள் இதை மனிதர்களுக்கு ஒப்பிடுவார்கள். நாரத்தங்காய், ஏரிக்கரை ஈச்சம் ஓலை, மரிக்கொழுந்து, மூங்கில் இலை என்று வைத்துக் கண்ணைக் கட்டி முகரச் சொல்லுங்கள். மூக்கைச் சுளிக்கும் பிள்ளையும் ஒரு பாடம் படித்தாயிற்று.

ஓர் எச்சரிக்கை. நம் வேதாகமத்தில் நான்காவது செடி "ஆற்றலரி" என்று இருக்கிறது. அதைப் பார்த்து வேலியோர அரளியை ஒடித்து வராதீர்கள். அரளியின் இலை, பூ, விதை எல்லாமே விஷம். மூலத்தில் சொல்லியிருப்பது நாம் ஆற்றுப்பாலை என்று சொல்லும் மரத்தின் இனம். அரளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுருளும் தோலும்

பண்டிகை முடிந்து வரும் நாள் சிம்ஹாத் தோரா. உபாகமத்தின் கடைசியை வாசித்து, அதே மூச்சில் ஆதியாகமத்தைத் தொடங்குவார்கள். சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குள் சுற்றி வருவார்கள். கொச்சியில் மதியத்துக்குமேல் வெளியே வந்து ஆலயத்தைச் சுற்றியும் வலம் வந்தார்கள். பல ஊர்களில் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே துணிக்கடியில் நிறுத்தி வாசிப்புக்கு அழைப்பார்கள், மிட்டாய் கொடுப்பார்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, வேறு எந்த ஊர் டீச்சருக்கும் இது இவ்வளவு எளிதாக வாய்க்காது. அந்தச் சுருள் காகிதமல்ல, தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்த தோல். அதன்மேல் கையால் எழுத்து எழுத்தாக எழுதுகிறார்கள். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை இந்தச் சொற்களில் பாதி பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும். வாசனையைச் சொல்லிக் கேலிக்கு ஆளான பிள்ளைகளும் அவர்களில் உண்டு. "உங்க அப்பா சுண்ணாம்புத் தொட்டியில செய்யற அதே வேலையில்தான் அந்தப் புத்தகம் ஆரம்பிக்குது" என்று ஒருமுறை ஒரு சிறுமியிடம் சொன்னேன். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் அப்பாவை மறுநாள் கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள். அவர் வாசலில் நின்றபடியே, தோலின் எந்தப் பக்கம் மயிர்ப்பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். கம்பெனிக் கழிவுத் துண்டுகளை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பதனிட்ட ரசாயனமும் தூசும் அவற்றில் இருக்கும். கழுவிய பழைய செருப்பு வார் ஒன்று போதும்.

தண்ணீர்

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் சுக்கோத் நாட்களில் சீலோவாம் குளத்திலிருந்து தண்ணீர் மொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றினார்கள். பண்டிகையின் முடிவில் மழைக்காக வேண்டுவது இன்றும் தொடர்கிறது. அந்த நாட்டில் மழைக்காலம் அதற்குப் பிறகுதான். நமக்கும் வடகிழக்குப் பருவமழை அதை ஒட்டித்தான் வருகிறது. பாலாற்று அணையிலிருந்து கால்வாய் வழியே நம் ஏரிக்குத் தண்ணீர் வரும் கதையைச் சொல்ல இதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஏரித் தண்ணீரோரம் கொண்டுபோகாதீர்கள். கரைமேல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி, வீட்டுக் குழாயில் ஒரு சொம்பு பிடித்து, ஆளுக்கு ஒரு கை என்று ஏதாவது ஒரு கன்றுக்கு ஊற்றட்டும்.

பிரிப்பது

பிரிக்கும் நாளையும் கொண்டாட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாரத்தங்காயை வெட்டி, உப்புத் தொட்டு ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். ஏழாம் நாள் பிள்ளைகள் கொத்தைக் கீழே போட்டுவிட்டுத் தங்கள் எத்ரோக்கைத் தின்றுவிடுவார்கள் என்று மிஷ்னாவிலேயே இருக்கிறது. கதிர்கள் குருவிக்கு. ஓலை யாருடைய மாட்டுக் கொட்டகைக்குத் தேவையோ அங்கே. சேலைகளைத் துவைத்து அவரவர் அம்மாவிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

கம்புகளைப் பந்தல்காரரிடம் பிள்ளைகளே எண்ணி ஒப்படைக்கட்டும். கயிற்றை அரிவாளால் அறுக்காமல், முடிச்சுப் போட்ட பிள்ளையையே கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள். நேரமாகும், சில முடிச்சு இறுகியிருக்கும், பல்லால் கடிக்கப் பார்ப்பார்கள். விடுங்கள், காத்திருங்கள். அந்தக் கயிறு அடுத்த வருஷத்துக்கு ஆகும்.